எண்ணெய் குடித்த ஸ்டிக்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நான்கு, அக்கா போன பிறகு என்னிடம் வந்தது இரண்டு. ஆறு பேரில் யாரும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை என்று சொன்னால் அது பொய். எல்லோரும் பேசியிருக்கிறார்கள். ஆனால் என் ஸ்டிக்கை மட்டும் ஒருவரும் தொட்டதில்லை. தொட்டால் என்ன நடக்கும் என்று ஆறு பேருக்கும் தெரியும். ஏழாவதாக வந்தவருக்குத் தெரியவில்லை. அவர் என் கடைசி மகளின் புருஷன்.

ஸ்டிக் என்றால் வயசானவர்கள் ஊன்றுகிற கம்பு இல்லை. எனக்கு அது இன்னும் தேவைப்படவில்லை. நான் சொல்வது பில்லியர்ட்ஸ் ஸ்டிக். பச்சைத் துணி ஒட்டிய மேசை, ஓரத்தில் ஆறு குழி. கோடு போட்ட பந்து ஏழு, முழுக்க வர்ணம் பூசினது ஏழு, கறுப்பு ஒன்று. வெள்ளைப் பந்தை ஸ்டிக்கால் அடித்து, அது போய் மற்றதை இடித்துக் குழியில் தள்ள வேண்டும். உங்கள் ஏழையும் தள்ளிவிட்டுக் கடைசியில் கறுப்பைத் தள்ளினால் ஜெயம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நான் மூன்றாம் வகுப்பு.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். அறை கூட்டுவது, போர்வை மாற்றுவது, ஈரத் துண்டுகளை அலசிப் போடுவது. சீசன் நாளில் நான்கு பேர் அறையில் பத்துப் பேர் படுத்திருப்பார்கள். அருவியில் நனைந்த அத்தனை துணியும் மின்விசிறியில் தொங்கும். மலை மேல் எஸ்டேட்டில் ஒரு கிளப்பை மூடியபோது, லாட்ஜ் முதலாளி அங்கே கிடந்த மேசையை வாங்கி லாரியில் கொண்டுவந்து கீழ்க்கூடத்தில் போட்டார். கூடவே எட்டு ஸ்டிக் வந்தது. அதில் ஒன்று வரும் வழியிலேயே நுனி உடைந்துவிட்டது. தச்சர் உடைந்த இடத்தை அறுத்துச் சமப்படுத்தினார். மற்றதைவிட ஒரு சாண் குட்டையாகப் போனது. “ஒட்டடை அடிக்க வச்சுக்கோ” என்று முதலாளி அதை என்னிடம் கொடுத்தார்.

முதல் இரண்டு மாதம் நானும் அதன் முனையில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடைதான் அடித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அந்த மேசையைப் பார்த்துக்கொள்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. சாரல் காலத்தில் பச்சைத் துணி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பந்து ஓடாது, ஊரும். காலையில் பிரஷ்ஷால் துணியை ஒரே திசையாகத் தேய்த்துவிட்டு, சூடு குறைத்த இஸ்திரிப் பெட்டியை அதே திசையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். திருப்பி இழுத்தால் துணியின் ரோமம் எழும்பிவிடும், பந்து கோணிக்கொண்டு போகும். இப்படி வருஷக்கணக்காக இஸ்திரி போட்டதில் அந்த மேசையின் மேடு பள்ளமெல்லாம் என் கைக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் பக்கத்து நடுக்குழியை ஒட்டி மேசை ஒரு நூல் சரிவு. மெதுவாகத் தட்டினால் பந்து தானாக உள்ளே போகும். அங்கே விளையாட வந்த எத்தனையோ கனவான்களுக்கு இது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

சீசன் இல்லாத மாதங்களில் மத்தியானம் கூடம் காலியாகக் கிடக்கும். ஒருநாள் ஸ்டிக்கிலிருந்த துடைப்பத்தை அவிழ்த்துவிட்டு ஒரு பந்தைத் தட்டிப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த நெட்டை ஸ்டிக்குகள் எனக்கு ஒத்துவரவில்லை. பின்பக்கம் சுவரில் இடிக்கும், முன்பக்கம் தூக்கும். இந்தக் குட்டை ஸ்டிக் அளவெடுத்ததுபோல் இருந்தது. நான் நாலே முக்கால் அடி. நுனிக்குத் தோல் இல்லாததால் தென்காசியில் செருப்புத் தைப்பவரிடம் போய், ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்கு நல்ல தோலாக வெட்டி ஒட்டி வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை.

வேலையிலிருந்து நின்ற அன்று முதலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார். அந்த ஸ்டிக்கைக் கொடுங்கள் என்றேன். புடவையையும் கொடுத்தார், ஸ்டிக்கையும் கொடுத்தார். புடவையை மூத்த மருமகள் கட்டிக் கிழித்தாயிற்று.

தென்காசியில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்து வைக்க மாட்டேன், வளைந்துவிடும். ஓதம் ஏறிய தரையிலும் வைக்க மாட்டேன். பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவுக்கு மேலே கிடத்தி வைத்திருப்பேன். வாரம் ஒருமுறை இறக்கி, காய்ந்த துணியால் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவி இழுத்துவிடுவேன். விரலுக்கு நடுவில் சறுக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்காக. தண்ணீர் கூடாது. எண்ணெய் கூடவே கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை டவுன் பஸ் பிடித்துக் குற்றாலம் போவேன். பழைய ஆள் என்பதால் லாட்ஜில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கே என்னோடு விளையாடுகிறவர் போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ராயகிரிக்காரர், நிலபுலம் உள்ள குடும்பம், இப்போது தென்காசியில் வீடு. அருவியில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்து நிற்பார். வருஷா வருஷம் சாரல் தொடங்கி, கூட்டம் சேருவதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் ஒரு போட்டி உண்டு. மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தவர் அந்த வருஷம் முழுக்க முதல் அடி அடிக்கலாம். பந்துகளை முக்கோணமாக அடுக்கி வைத்து முதலில் ஒருவர் அடித்துக் கலைப்பார் இல்லையா, அந்த உரிமை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது என்னுடையது. போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன். போட்டியே நடக்கவில்லை, ஆனாலும் அவர் பாட்டுக்கு வருஷம் பூராவும் முதல் அடி அடித்தார். “ஆச்சிக்குக் கண்ணு சரியாவட்டும், அதுவரைக்கும் நான் பொறுப்பு பாக்குதேன்” என்று ஸ்டேஷன் பொறுப்பை வாங்கிக்கொண்டதுபோலச் சொன்னார். இந்த வருஷம் அதைத் திருப்பி வாங்க வேண்டும். தை மாதத்திலிருந்தே எனக்கு வேறு நினைப்பு இல்லை.

இனி மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் என் ஆத்திரம் யாருக்கும் விளங்காது.

அவர் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில் செய்கிறார். நல்ல கைராசிக்காரர் என்று பேர். இடுப்புப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிமிர்ந்து போவார்கள் என்பார்கள். எண்ணெயையும் அவரே மூலிகை போட்டுக் காய்ச்சுகிறார். அவருடைய மகனுக்குக் காதுகுத்து நடந்தபோது, யாரோ ஒரு உறவுக்காரி, “சின்ன மருமகனுக்கு என்ன சோலி?” என்று கேட்டாள். நான் யோசிக்காமல், “கண்டவன் முதுகைத் தேய்க்குத சோலிதான்” என்றேன். அவர் வெற்றிலைத் தாம்பாளத்தோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். பதினான்கு மாதம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் மட்டும் வருவாள், உட்காருவாள், அழுவாள், போவாள்.

இந்த வைகாசியில் அவர்கள் வீட்டு ஓடு மாற்றுகிற வேலை வந்தது. பத்து நாளைக்குப் பிள்ளைகளோடு இங்கே வந்து தங்கும்படி மூத்த மகன் போய்க் கூப்பிட்டான். அவரும் வந்தார். வாசலில் நின்று, “வாங்க மாப்பிள்ளை” என்றேன். “வாரேன் அத்தே” என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு என் மகள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலிலேயே தைல வாசனை. யாருக்கோ சுளுக்கு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். மருமகன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என் ஸ்டிக் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, முழங்காலுக்குத் தேய்க்கிற மாதிரி அழுத்தி நீவிக்கொண்டிருந்தார். ஸ்டிக் கறுத்துப் பளபள என்று மின்னியது.

“வாங்க அத்தே. பீரோ மேல துண்டு எடுக்கப் போனேன், இது கெடந்துச்சு. எம்புட்டுக் காய்ஞ்சு போயிருக்கு பாத்தீங்களா? வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போயிருந்துச்சு. எல்லாத்தையும் வழிச்சுத் தொடச்சுட்டு மூணு தரம் போட்டுட்டேன்.”

வெள்ளையாகப் பூத்திருந்தது என் பவுடர்.

“நுனியில தோலு இருக்கு பாருங்க, அதான் நல்லாக் குடிச்சுது. ரெண்டு ஸ்பூன் எண்ணெ குடிச்சிருக்கும். இனிமே வெடிக்கவே வெடிக்காது. ஒங்களுக்குன்னு நல்ல எண்ணெயா எடுத்துட்டு வந்தேன், கடைக்கு வாரவங்களுக்குப் போடுதது இல்ல இது.”

அடுக்களை நிலையில் என் மகள் நின்றாள். அவளுக்குத் தெரியும். கைக்குழந்தையாக லாட்ஜ் கூடத்தில் அந்த மேசைக்கு அடியில் தூங்கியவள் அவள். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பெற்ற மகன் என்றால் அந்தக் கிண்ணத்தையே எடுத்து வீசியிருப்பேன். ஆனால் மருமகனைச் சத்தம் போடுகிற வழக்கம் எங்களில் இல்லை. அதுவும், இந்தத் தொழிலைப் பழித்துப் பேசித்தான் அவரைப் பதினான்கு மாதம் வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். இப்போது அதே தொழிலை, அதே கையை, எனக்கு மரியாதை செய்கிறேன் என்று கொண்டுவந்து ஸ்டிக்கில் தேய்த்திருக்கிறார். உம்முடைய எண்ணெயால் என் பொருள் கெட்டுப்போனது என்று எந்த வாயால் சொல்வேன்?

“நல்லா இருக்கு மாப்பிள்ளை” என்றேன். “காப்பி குடிச்சீங்களா?”

அன்று முழுக்க மற்றவர்கள் எல்லோரும் என்னிடம் மாட்டிக்கொண்டார்கள். பால்காரரிடம் தண்ணீர்ப் பால் என்று சண்டை. மூத்த மகனிடம் செருப்பை ஏன் குறுக்கே விட்டாய் என்று சண்டை. அவன், “எம்மா, இன்னைக்கு யாரு மேல கோவம், அத மட்டும் சொல்லு” என்றான். சொல்ல முடிந்தால் நான் ஏன் செருப்போடு சண்டை போடப் போகிறேன்?

மருமகன் வேலைக்குப் போனதும் மறுநாள் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். செய்தித்தாளை வைத்து இழுத்து இழுத்துத் துடைத்தேன். தாள்தான் எண்ணெயானது. வெயிலில் வைக்கலாம் என்றால் வெயிலே இல்லை, மேற்கே மலையை மேகம் மூடிக்கொண்டு தூறல் விழுந்துகொண்டிருந்தது. பவுடரைத் தூவினேன். எண்ணெயில் பவுடர் குழைந்து இட்லி மாவுபோல விரலில் ஒட்டியது. அதையும் வழித்துக்கொண்டிருந்தபோது மகள் ஏறி வந்துவிட்டாள்.

“எம்மா, என்ன செய்யுத?”

“பாத்தா தெரியலையா? ஒன் மாப்பிள்ளை செஞ்ச சீரை அனுபவிக்கேன்.”

“அவரு சாயந்தரம் வந்து பாத்தா என்ன நெனப்பாரு? நான் ஆசையாப் போட்டேன், ஒங்கம்மா வழிச்சு எறிஞ்சுட்டாங்கன்னு சொல்ல மாட்டாரா?”

“போட்டி வருது ஏட்டி. செவ்வாக்கெழம வருது. இத வச்சு நான் எப்படி அடிப்பேன்?”

“ஒரு குச்சிதானம்மா. லாட்ஜுல வேற குச்சியே இல்லையா?”

அவளைப் பார்த்தேன். ஆறு பேரை வளர்த்ததில் இவளுக்குத்தான் அதிகம் செல்லம் கொடுத்தேன். “ஒரு குச்சிதான்” என்கிறாள். ஸ்டிக்கைத் துணியில் சுற்றினேன். அவள் தாளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கீழே போனாள். பிறகு அவளே பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு பவுடர் டப்பா வாங்கி வந்து, சொல்லாமல் என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

நுனித் தோலையாவது மாற்றிவிடலாம் என்று செருப்புத் தைப்பவரிடம் போனேன். பழையவர் இல்லை, அவருடைய மகன்தான் இப்போது உட்கார்கிறார், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஸ்டிக்கை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“என்ன ஆச்சி, தாளிச்சிருக்கீங்க?”

“தாளிக்கல. தேச்சிருக்கு. தோலை எடுத்துட்டு வேற ஒட்டிக் குடு.”

அவர் கட்டைவிரலால் மரத்தை அழுத்தினார். எண்ணெய் கசிந்து நகத்தில் மின்னியது. “ஒட்டுனா நிக்காது ஆச்சி. எண்ணெ குடிச்ச மரத்துல பசை புடிக்காது. ரெண்டு அடியில பிச்சுக்கிட்டுப் போயிரும். இப்ப இருக்க தோலாவது பழைய பசையில நிக்கி. அதத் தொடாதீங்க. ரெண்டு மூணு மாசம் காயட்டும், பொறவு வாங்க.”

இரண்டு மூன்று மாதம்! எனக்கு இருந்தது நான்கு நாள்.

அந்த நான்கு நாளும் மருமகன் சாயங்காலம் வந்ததும் முதலில் பீரோவுக்கு மேலே கையை விட்டு ஸ்டிக்கைத் தடவிப் பார்ப்பார். “கொஞ்சம் இழுத்திருக்கு அத்தே, இன்னொரு கை போடட்டா?” என்பார். “வேண்டாம் மாப்பிள்ளை, போதும்” என்பேன். “நீங்க கூச்சப்படாதீங்க” என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தோசை வார்க்கப் போவேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பஸ்ஸில் போகும்போதே ஒரு முடிவு செய்திருந்தேன். சுவரில் இருக்கிற ஏழு ஸ்டிக்கில் கொஞ்சம் கனம் குறைந்த ஒன்றை எடுத்துக்கொள்வது. நெட்டைதான். இருந்தாலும் வழுக்காது. நம் ஸ்டிக்கைத் துணியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுவது. என் கையில் வேறு ஸ்டிக் என்று நினைக்கவே கசப்பாக இருந்தது, ஆனால் முதல் அடி எனக்கு வேண்டும்.

எஸ்.ஐ. எனக்கு முன்னாலேயே வந்து பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன ஆச்சி, மூட்டு வலியா? தைல வாசம் வாசல்ல இருந்தே வருதே.”

“எனக்கு இல்ல சார். ஸ்டிக்குக்கு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் துணிச் சுருளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்து ஒரு ஸ்டிக்கை எடுக்கக் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் பேச்சுக் குரல். மருமகன். தனியாக வரவில்லை. தன்னோடு வேலை பார்க்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று பேரும் வேலைத் துண்டோடு, கையெல்லாம் எண்ணெயாக.

“இவங்கதான் எங்க அத்தே. போலீசையே ஜெயிச்சவங்க. சும்மா நின்னு பாருங்கலே. ஸ்டிக்குக்கு நான்தான் எண்ணெ போட்டிருக்கேன்.”

அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நீட்டிய கையை நான் அப்படியே கீழே இறக்கிக்கொண்டேன்.

எஸ்.ஐ. பக்கத்தில் வந்து, ஸ்டிக் நுனியில் தேய்க்கிற நீலச் சுண்ணாம்புக் கட்டியை எடுக்கிற மாதிரி குனிந்து மெதுவாக, “வேற ஸ்டிக்கு எடுங்க ஆச்சி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். போலீஸ்காரர் இல்லையா, முகத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

“என் ஸ்டிக்கு எனக்குப் போதும் சார்” என்று துணியைப் பிரித்தேன்.

மருமகன் அவரிடம், “அண்ணாச்சி, ஒங்க ஸ்டிக்கும் காய்ஞ்சுதான் இருக்கு. ஒரு கை போட்டுவிடட்டா?” என்றார். உண்மையைச் சொல்கிறேன், சரி என்று அவர் சொல்ல மாட்டாரா என்று ஒரு நிமிஷம் நான் சாமி கும்பிட்டேன். அவர் ஸ்டிக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, “வேண்டாம்ப்பா, இது கொஞ்சம் வீம்பு புடிச்சது” என்றார்.

ஸ்டிக் நுனியில் சுண்ணாம்பு தேய்ப்பது எதற்கென்றால், பந்தில் பட்டதும் நுனி வழுக்காமல் பிடிக்க வேண்டும். எண்ணெய் குடித்த தோலில் சுண்ணாம்பு எங்கே ஒட்டும்? நீலச் சேறாகத் திரண்டு விழுந்தது. விரலுக்கு நடுவில் ஸ்டிக் ஒரு சமயம் ஒட்டிக்கொண்டு நின்றது, ஒரு சமயம் விலாங்குபோல ஓடியது. ஓங்கி அடிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். தட்டித் தட்டித்தான் ஆட வேண்டும். மேசை நான் இஸ்திரி போட்ட மேசை, அந்தத் தைரியம்தான். முதல் ஆட்டத்தை ஜெயித்தேன். மருமகன் கை தட்டினார். “பாத்தீங்களாலே, எண்ணெ வேல செய்யுது” என்றார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு அடி கொஞ்சம் அழுத்தமாகப் போனது. நுனி சறுக்கி, வெள்ளைப் பந்து மேசையை விட்டே துள்ளிக் கீழே விழுந்து கதவு வரைக்கும் உருண்டது. அந்த ஆட்டம் அவருக்கு.

மூன்றாவதில் இருவரும் சமமாகவே வந்தோம். என் ஏழும் போய்விட்டது. அவருக்கு ஒன்று பாக்கி. கறுப்புப் பந்து எங்கே நின்றது தெரியுமா? ஜன்னல் பக்கத்து நடுக்குழிக்கு ஒரு சாண் தூரத்தில், அந்த நூல் சரிவின் மேல். என் பேரப்பிள்ளைகள் அடித்தாலும் விழும். கண்ணை மூடிக்கொண்டு நான் அடித்தாலும் விழும். நுனியைச் சேலையில் துடைத்தேன், சுண்ணாம்பு வைத்தேன், மறுபடி துடைத்தேன். குனிந்து மெதுவாகத் தட்டினேன். நுனி வெள்ளைப் பந்தின் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போனது. பந்து கறுப்பைத் தொடக்கூட இல்லை, பக்கத்தில் போய் நின்றது.

எஸ்.ஐ. இரண்டு பந்தையும் தள்ளினார். இரக்கம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவரோடு பேசியிருக்க மாட்டேன்.

“அடுத்த வருசம் பாப்போம் ஆச்சி” என்றார். பிறகு மருமகனைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் லாட்ஜ் மேனேஜர் அவரிடம், “கண் ஆபரேஷன் ஆனதுல இருந்து ஆச்சிக்குக் கொறஞ்சு போச்சு சார்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. பஸ் போர்டு படிக்கிறேன்.

மற்ற இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மருமகன் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். சாரல் முகத்தில் அடித்தது. கடைத்தெருவில் ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் குவித்து வைத்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

“எண்ணெ பத்தல அத்தே. மூணு தரம் போட்டா எப்படிக் காணும்? ஸ்டிக்கை இங்கன குடுங்க. நான் கொண்டு போயி ஒரு மண்டலம் எண்ணெயிலயே ஊறப் போட்டுத் தாரேன். அடுத்த வருசம் பாருங்க.”

சொல்லிவிட்டு ஸ்டிக்கைப் பிடித்தார். நான் விடவில்லை. அவர் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலுமாகப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றோம். நாற்பத்தெட்டு நாள் எண்ணெயில்! அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“மாப்பிள்ளை, இதுக்கு எண்ணெ ஆகாது.”

“என்னது?”

“இதுல எண்ணெ படவே கூடாது. பட்டா வழுக்கும். அதான் தோத்தேன்.”

அவர் ஸ்டிக்கை விட்டார். கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார், இரண்டு கையையும், விரல் விரலாக. போய்விட்டது, இன்னும் பதினான்கு மாதம் என்று நினைத்தேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தே” என்றார். கோபமே இல்லை. “தொழில்காரனுக்கு எதுக்கு எண்ணெ ஆவும் எதுக்கு ஆவாதுன்னு இருக்காதா? காய்ச்சக்காரன் வந்து உக்காந்தா நாங்க தொடுவோமா? ஒரு வார்த்த. ஆகாதுன்னு சொல்லியிருந்தா அப்பவே தொடச்சுக் குடுத்திருப்பேன், அஞ்சாறு நாளு காய்ஞ்சிருக்கும்.”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு…”

“காதுகுத்துல அன்னைக்குச் சொன்னீங்களே, அத யோசிக்காமச் சொல்லிட்டீங்க. இத மட்டும் யோசிச்சு யோசிச்சு வச்சிருந்தீங்களாக்கும்.”

பஸ் வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஏறி இடம் பிடித்து, என்னை உட்கார வைத்துவிட்டு இறங்கினார். ஏறுவதற்கு முன் நான் அவரிடம் நீட்டியிருந்த ஸ்டிக்கை ஜன்னல் வழியாகக் கொடுத்தபோது துண்டால் பிடித்துக் கொடுத்தார், கை படாமல்.

தென்காசி வரும்வரை எனக்கு யார் மேல் கோபம் என்றே பிடிபடவில்லை. எண்ணெய் போட்டவர் மேல் கோபப்பட்டு ஐந்தாறு நாளைக் கழித்தேன். அவரோ, ஒரு வார்த்தையில் தீருகிற விஷயம் என்கிறார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். கறுப்புப் பந்து குழியின் வாசலில். ஒரு வருஷம் முழுக்க எஸ்.ஐ. முதல் அடி அடிப்பார், நான் ஓரமாக நிற்க வேண்டும். எதற்காக? கேட்டிருந்தால் மருமகனே வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு மரியாதைக்காக. அவர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அந்த மானத்தை யாரும் என்னிடம் ஒப்படைக்கவே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்கவில்லை.

ஸ்டிக் பீரோ மேல்தான் கிடக்கிறது. இன்னும் பிசுபிசுக்கிறது. மருமகன் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், பீரோ பக்கம் மட்டும் திரும்புவதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஊரில் எல்லோரும் ஆச்சிக்குக் கண் போச்சு, கை போச்சு என்கிறார்கள். ஏன் தோற்றேன் என்று நான்கு பேருக்காவது தெரிய வேண்டும் என்றுதான் இதைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதினவள் அதே மருமகனின் மூத்த மகள், ஒன்பதாம் வகுப்பு. என் பேச்சை நோட்டில் ஏற்றும்போது பள்ளிக்கூடத்துத் தமிழாக மாற்றிவிடுகிறாள். மற்றவர்கள் பேசினதையாவது அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் இரண்டு இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள், ஒரு இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். காதுகுத்துப் பேச்சு வந்த இடம் அது.

ஏட்டி, போதும், பேனாவ மூடு. மொதல்லேருந்து வாசி. பைய வாசி, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. நான் சொன்னத நீ வேணும்னா திருத்திக்கோ. ஒங்கப்பா பஸ் ஏத்திவிட வந்தப்ப பேசினதுல ஒரு வார்த்த கொறஞ்சிருக்கக் கூடாது, அத மட்டும் நான் கேக்கணும்.